பொழுதிறங்க வரும் கன்று

ஓலைக்காட்டுவலசில் முதல் கன்று ஆலமரத்திலிருந்து இறங்கி வந்தது பொழுது சாய்ந்து பால் சொசைட்டியில் கேன் ஏற்றுகிற நேரத்தில், அதனால் அதைப் பார்க்காதவர் என்று ஊரில் ஒருத்தர் கிடையாது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலெல்லாம் ஈரம், குளம்பு இன்னும் இறுகாமல் மஞ்சளாக மெத்தென்று இருந்தது, விழுதைப் பிடித்து இறங்கியதா குதித்ததா என்பதில்தான் இன்றைக்கும் ஆளுக்கொரு பேச்சு, மற்றபடி அது வந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. கேன் வரிசைக்கு நடுவே புகுந்து, மளிகைக்கடையைத் தாண்டி, சென்னியப்பன் வீட்டு வாசலேறி, கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்த சென்னியப்பனை ஒரு முட்டு முட்டிச் சாய்த்துவிட்டு அவன் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. உடனே அவனுக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொள்ள, இடுப்பும் முட்டியும் கழன்றுவிட்டதுபோல் வலிக்க, அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு விடியவிடியக் கிடந்தான். விடிந்ததும் கன்று எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மரத்துக்கே போய்விட்டது, சென்னியப்பனும் வேர்வையில் நனைந்த துணியை மாற்றிக்கொண்டு மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

அது யார் வீட்டுக் கன்று என்று விசாரிக்கிற அளவுக்கு நாங்கள் ஒன்றும் மக்குகள் இல்லை. சென்னியப்பன் வீட்டுக் கன்றுதான். அந்த வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

சென்னியப்பன் பொண்டாட்டி துளசிமணிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, போகாத கோயிலில்லை, பார்க்காத டாக்டரில்லை, வளைகாப்பு வீடுகளுக்கு அவளை யாரும் அழைக்கமாட்டார்கள், அழைத்தாலும் முன்வரிசையில் உட்காரவிடமாட்டார்கள், எங்கள் ஊர்ப் பெண்களின் வாய் அப்படிப்பட்டது, அதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. கடைசியில் அந்த வருசம்தான் அவள் முழுகாமல் இருந்தாள். அதே வருசம்தான் சந்தையிலிருந்து சிவப்பியென்ற சினைமாட்டையும் பிடித்துவந்தார்கள். துளசிமணி தன் வயிற்றையும் மாட்டின் வயிற்றையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரே வருசத்துல பெத்துக்கப் போறோம், என்ன சிவப்பி" என்று கொஞ்சிக்கொண்டு திரிந்தாள், கேட்கிற எங்களுக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

துளசிமணிக்கு மூணாம் மாசம் நடக்கும்போது, ஏழு மாசச் சினையிலிருந்த சிவப்பி கன்று வீசிவிட்டது. நாள் நிறையாமல் செத்த கன்றைப் போடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். சென்னியப்பன் வீட்டில் இல்லை, துளசிமணிதான் வெறுங்கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அதை இழுத்தாள், நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியதையும் மறுநாள் அவளே உருவி எடுத்தாள், சோளத்தட்டு அறுத்து அறுத்துக் கீறலில்லாத இடமே இல்லாத கை அது. அழுதாள், கையைக் கழுவினாள், மறுபடி அழுதாள்.

எங்கள் பக்கத்தில் மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் வடிகிற மரத்தில் அது தொங்கினால் மடியிலும் பால் வடியும், மண்ணில் கிடந்து நாய் இழுத்தால் மடி வற்றிப்போகும், எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பால். கன்றுதான் போயிற்று, பாலாவது மிஞ்சட்டும் என்று சென்னியப்பன் ஊரில் எவனும் ஏறாத கிளைக்கு ஏறி உச்சியில் கட்டினான், செத்த கன்றை மரத்தடியில் புதைத்தான். அந்த மரத்தடியில்தான் ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியும் இருக்கிறது, மூட்டையிலிருந்து சொட்டுவது தொட்டியில்தான் சொட்டும், எங்கள் தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து சொட்டியதுதானே என்று நாங்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வீடாக மாடுகள் கன்று வீசின, ஒவ்வொரு மூட்டையாக மரத்தில் ஏறியது, ஒவ்வொரு கன்றாக மரத்திலிருந்து இறங்கியது. செவலைக் கன்று, காராம் கன்று, நெற்றியில் பொட்டுவைத்த கன்று, எல்லாம் ஈரத்தோடு, எல்லாம் சத்தமில்லாமல், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரிசையாக ஊருக்குள் வந்து, எந்த வீட்டில் யார் மேல் படுக்கவேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்த மாதிரி ஆளுக்கொரு நெஞ்சில் படுத்துக்கொண்டன. ஒரு வாரம் தொடர்ந்து வரும், நாலு நாள் வராது, போய்விட்டது என்று நாம் தலைக்கு ஊற்றிக்கொண்டால் அன்றைக்குப் பொழுதிறங்க வாசலில் வந்து நிற்கும்.

மனுசனுக்கு எதுவும் பழகிப்போகும், எங்களுக்கும் பழகிப்போயிற்று. பெண்கள் அரிசி களைவதை வெயிலோடு முடித்துவைத்தார்கள், கன்று வந்துவிட்டால் எழுந்திருக்க முடியாதே. ராத்திரிக் கூத்து, நிச்சயதார்த்தம் எல்லாம் பகலுக்கு மாறின. மாரியம்மன் கோயில் பூசாரி நாச்சிமுத்து, "பொறக்க விடாத உசுரு மடி தேடி வருது, முடுக்கி வெரட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன் மேல் படுத்திருந்த கன்றுக்குத் திருநீறும் பூசிவிட்டார். சில ஆண்களுக்குக் கன்று நெஞ்சில் படுக்காமல் மடியில் படுத்தது, அவர்கள் மறுநாள் காலை அகட்டி அகட்டி நடந்தார்கள், என்ன மாமா என்று கேட்டால் சைக்கிள் சீட்டைத் திட்டினார்கள். மாடே இல்லாத பாவாத்தாள், தன் வீட்டுக்கு மட்டும் கன்று வரவில்லை என்பதைப் பெரிய மானக்கேடாக எடுத்துக்கொண்டு, வாசலில் தவிட்டுத்தண்ணீர் வைத்துக் காத்திருந்து பார்த்தாள், கன்றுகள் தவிட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவற்றுக்கு வேண்டியதெல்லாம் நம்முடைய சூடு ஒன்றுதான்.

சொசைட்டி செக்ரட்டரி ரங்கசாமி மட்டும் பயந்து செத்தார். "வெளியூருக்காரங்ககிட்டக் கன்னுன்னு வாயத் தெறந்தீங்கன்னா நம்ம பாலை ஒருத்தனும் தொடமாட்டான், பாத்துக்கங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார், அதனால் பால் வண்டி வருகிற நேரத்தில் குறுக்கே போகிற கன்றுகளின் மேல் நாங்கள் சாக்கைப் போட்டு மூடினோம். டவுனுக்குப் போனவர்களுக்கு ஒரு டாக்டர் டைபாய்டு என்றார், இன்னொருத்தர் மலேரியா என்றார், மூன்றாமவர் வாதம் என்று தைலம் எழுதிக்கொடுத்தார். வீட்டில் மாடு இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை.

கேட்டது ஜெசிந்தா டாக்டரம்மாதான். மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவள், தெற்கே நாகர்கோயில் பக்கத்துப் பெண், ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவள். சிவப்பிக்குச் சினை ஊசி போடப் பொழுதிறங்க வந்த நாளில் கட்டிலில் கிடந்த சென்னியப்பனையும் அவன் மேல் கிடந்த கன்றையும் பார்த்தாள், கன்றின் ஈரத்தை மோந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் பேசாமல் ஊர் மாடுகளின் கழுத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமில்லை. ஆலமரத்தடியில் எங்களைக் கூட்டிவைத்து ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொன்னாள், அது யார் வாயிலும் நுழையவில்லை, கன்று வீச்சு நோய் என்று மாற்றிச் சொன்னாள், அது நுழைந்தது.

"மாட்டுக்கு உள்ள இருக்கற கிருமி மனுசனுக்கும் வந்திருக்கு. நஞ்சுக்கொடியிலயும் பச்சைப் பாலுலயும்தான் அது இருக்கு. இந்த மூட்டைங்களை இறக்கிச் சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க. பாலைப் பொங்கவிட்டுக் குடிங்க. கன்னு வீசின மாட்டைத் தனியாக் கட்டுங்க, தயவுசெஞ்சு சந்தைக்கு மட்டும் ஓட்டாதீங்க. மாத்திரை இருக்கு, வாரக்கணக்குல விடாம முழுங்கினா கன்னு வர்றது நிக்கும்."

நாங்கள் பொறுமையாகத்தான் கேட்டோம். மூட்டையை இறக்கவேண்டும் என்பதில்கூட எல்லோருக்கும் சம்மதம்தான், ஆனால் யார் முதலில் இறக்குவது? இறக்குகிறவன் மாட்டுக்கு மடி வற்றிவிடும், மற்றவன் மாடு கறந்துகொண்டிருக்கும். நாச்சிமுத்து ரங்கசாமியைப் பார்த்தார், ரங்கசாமி சென்னியப்பனைப் பார்த்தார், "நீ எறக்கு மாப்ள, பின்னாலயே நாங்க எறக்கறோம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள், மரம் ஏறத் தெரியாத பெண்.

அவளுக்கு இருந்த பெரிய பயம் துளசிமணியைப் பற்றியது. எங்களுக்கும் அதே பயம் இருந்தது, எங்கள் பயத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்துதான் வேறு. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவளை ஒதுக்கிவைத்த அதே பெண்கள், காலையில் மாடு கறந்ததும் முதல் டம்ளரை அவளுக்கென்று எடுத்துவைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கறந்த சூடு ஆறாத பால் கொடுத்தால் பிள்ளை எலும்பு கெட்டியாகப் பிறக்கும் என்று எங்கள் ஊரில் வழக்கம். அடுப்பில் வைத்தால் அந்த உயிர்ச்சூடு போய்விடுமாம். அதனால் சேலை முந்தானையால் டம்ளரை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள், "நுரை அடங்கறதுக்குள்ள குடிச்சுரு கண்ணு" என்பார்கள், அவள் குடித்து முடித்துக் காலி டம்ளரைக் கையில் கொடுக்கிறவரைக்கும் வாசலைவிட்டு நகரமாட்டார்கள். கன்று வீசிய மாட்டுக்காரிகள்தான் ரொம்பவும் ஆசையாக வந்தார்கள். தன் வீட்டில் பிழைக்காதது இவள் வீட்டிலாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்கள், பாவம்.

டாக்டரம்மா துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அக்கா, அந்தப் பாலைக் குடிக்காதீங்க. வாங்கி உள்ள கொண்டுபோய்க் காய்ச்சிக் குடிங்க, போதும்."

"காய்ச்சறேன்னு உள்ள போனா, எங்க பாலுல என்ன நஞ்சா கெடக்குதுன்னு கேப்பாங்க டாக்டரம்மா."

"கேட்டா கேக்கட்டும்."

துளசிமணி தன் கீறல் விழுந்த கையை இழுத்துக்கொண்டாள். "இத்தன வருசம் என்ற மூஞ்சில முழிச்சா ஆகாதுன்னு கதவைச் சாத்துனவங்க இன்னைக்கு டம்ளரோட வந்து வாசல்ல நிக்கறாங்க. வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வருமுங்களா?"

டாக்டரம்மா ஒவ்வொரு வாசலாகப் போய் அந்தப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள், அவர்களும் தலையாட்டினார்கள், ஆளுக்கு ஆள் என் மாடு அப்படிப்பட்ட மாடு இல்லை என்றார்கள், மறுநாள் டம்ளர் வந்துவிட்டது.

கன்று சென்னியப்பன் மேல் படுத்திருக்கும்போதெல்லாம் கண் மட்டும் துளசிமணியைத்தான் பார்க்கும். இதை அவன் கவனித்துவிட்டான். அவளை உள்ளறையில் படுக்கவைத்துத் தாழ்ப்பாள் போட்டான், கதவுக்குக் குறுக்கே தன் கட்டிலைப் போட்டுக்கொண்டான், கன்று வந்ததும் அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, "என்ற மேலயே படுத்துக்க சாமி, எத்தன வருசம் வேணும்னாலும் படுத்துக்க" என்று கெஞ்சினான். ஒரு நாள் பொழுதிறங்கக் கன்று வந்தது, கட்டிலுக்கு அடியில் குனிந்து நுழைந்தது, தாழ்ப்பாள் போட்ட கதவை அது எப்படித் தாண்டியது என்று கேட்காதீர்கள், உள்ளே போய்த் துளசிமணியின் வயிற்றின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே அதன் காதைத் தடவிக்கொடுத்தாள். செத்துப் பிறந்த அன்றைக்கு அவள்தானே அதை முதலில் தொட்டவள், அதற்கு ஞாபகம் இருக்கும்.

டாக்டரம்மாவே அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள், மாட்டு டாக்டர் சொன்னதை மனுச டாக்டர்கள் கேட்கிறவரைக்கும் வரிசை வரிசையாக நின்று பேசினாள், சிவப்பு மாத்திரை வாங்கிக்கொடுத்தாள். ஊரில் மற்றவர்களுக்கும் கொடுத்தாள். நாங்கள் கன்று நாலு நாள் வராவிட்டால் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவோம், அது நன்றாக வயிறு காய்ந்து திரும்பி வரும். துளசிமணி ஒரு வேளைகூட விடவில்லை. அவளுடைய கன்று நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்தது. வீட்டிலும் கொஞ்சம் பேச்சும் சிரிப்பும் கேட்டது.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. "அந்த மூட்டை மேல தொங்கற வரைக்கும் அது வருங்க. நம்முளுதையாவது எறக்கிருங்க, மடி வத்துனா வத்தட்டும்" என்று புருசனிடம் சொன்னாள். சென்னியப்பன் அடுத்த நிமிசமே அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போனான், ஊரே கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. முதல் கவட்டைக்கு ஏறினான். அதற்கு மேல் காலைத் தூக்கிவைக்க இடுப்பு கொடுக்கவில்லை, இத்தனை நாள் கன்று படுத்துப் படுத்து எலும்புக்குள் இறங்கிவிட்ட வலி அது. ஊரில் எவனும் ஏறாத உயரத்தில் தானே கட்டிய மூட்டையைப் பார்த்துக்கொண்டு கவட்டையில் உட்கார்ந்து அந்த ஆம்பளை வாய்விட்டு அழுதான். வேறு யாராவது ஏறுங்கள் என்று டாக்டரம்மா கத்தினாள். இடுப்பு நன்றாக இருந்தவன் ஒருத்தனும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

சிவப்பி எந்த மாசத்தில் வீசியதோ, அதே ஏழாம் மாசத்தில் துளசிமணிக்கும் வலி கண்டது. பெரியாஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்ததைச் சென்னியப்பன் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஊரில் சின்ன உயிர்களைப் புதைக்கிற இடம் அதுதான் என்பதால், ஆலமரத்தடியில் கன்றைப் புதைத்த குழிக்குப் பக்கத்தில் புதைத்தான். மறுநாள் காலை மாடுகளைக் கறந்தோம், டம்ளரை எடுத்தோம், எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. கறந்த பால் டம்ளரிலேயே நுரை அடங்கி ஆறிப்போயிற்று.

அதற்கப்புறம் ஊருக்கு வந்த வீரத்தைப் பார்க்கவேண்டுமே. எல்லாவற்றுக்கும் சிவப்பிதான் காரணம், அந்த மாட்டை ஊரைவிட்டுத் தாட்டிவிட வேண்டும் என்று ஒரே முடிவாக நின்றோம், துளசிமணிக்காகத்தான் சொல்கிறோம் என்றும் சொன்னோம். விற்கக்கூடாது, வேறு மாடோடு கட்டக்கூடாது, கறக்கக்கூடாது என்கிற மாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? டாக்டரம்மா யார் யாரிடமோ கேட்டு, மலையடிவாரத்தில் இப்படி ஒதுக்கிய மாடுகளுக்கென்றே ஒருத்தர் வைத்திருக்கிற தொழுவத்தைக் கண்டுபிடித்து, வண்டியும் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. இதற்குள் அவளுக்கும் ஒரு கன்று வந்துவிட்டிருந்தது, எத்தனை மாட்டுக்குக் கை விட்டவள், வராமல் இருக்குமா? அது ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு அவள் முதுகில் சாய்ந்துகொண்டே வரும்.

வண்டிக்காரன் பலகையை இறக்கிவைத்தான். சென்னியப்பன் சிவப்பியின் கயிற்றை அவிழ்த்தான். அப்போது மரத்திலிருந்து கன்று இறங்கியது.

அது தனியாக வரவில்லை. மாட்டுக்கன்று பிறந்த நாளே நடந்துவிடும், மனுசக் குழந்தைக்கு அது தெரியாதே, அதனால் கன்று அவளை முதுகில் போட்டுக்கொண்டு வந்தது. குப்புறப் படுத்தபடி, ஒரு கையால் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, மேலெல்லாம் ஈரமாக, அந்தக் குழந்தை வந்தாள். நாங்கள் வழிவிட்டு நின்றோம். கன்று வழக்கம்போல் வீட்டு வாசலேறவில்லை. நேராகக் கட்டுத்தரைக்குப் போய், சிவப்பியின் காலடியில் குழந்தையை இறக்கிவிட்டுத் தானும் பக்கத்தில் படுத்தது. சிவப்பி குனிந்து முதலில் கன்றை நக்கியது, பிறகு குழந்தையை நக்கியது, தலையிலிருந்து கால் வரைக்கும் அவசரமில்லாமல் நக்கியது. யாரும் தொடாமலே மடியிலிருந்து பால் சொட்டியது.

துளசிமணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வாசல் தாண்டாதவள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இல்லை, மாத்திரை வேலை செய்துவிட்டது, கன்று இனி அவளிடம் வரப்போவதில்லை என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. துளசிமணி நடந்து போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கைக்கு அகப்படவில்லை. மறுபடி நீட்டினாள், தண்ணீரில் தெரிகிற நிலாவை அள்ளுகிற மாதிரி விரலுக்குள்ளிருந்து நழுவிப் போயிற்று. சிவப்பியின் நாக்குக்கு மட்டும்தான் அந்தக் குழந்தை அகப்பட்டாள். துளசிமணி சிவப்பியின் வாயோடு தன் கையை வைத்தாள், குழந்தையை நக்கிவிட்டு வந்த நாக்கு அவள் உள்ளங்கையை நக்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, மாட்டை ஏத்தச் சொல்லாதீங்க" என்றாள்.

அத்தனை வீரமாகப் பேசிய நாங்கள் பலகையைவிட்டு விலகி நின்றோம். ஜெசிந்தா டாக்டரம்மா பையிலிருந்து ரப்பர் கையுறை இரண்டை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குள் போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"சரி அக்கா, மாடு இங்கேயே நிக்கட்டும். ஆனா வெறுங்கையோட மட்டும் தொடாதீங்க. இப்பத்தான் தேறியிருக்கீங்க, மறுபடி வந்தா உடம்பு தாங்காது. இதைப் போட்டுக்குங்க, என் தங்கம்ல."

துளசிமணி கையுறையை வாங்கினாள், விரலுக்குள் விரலாக விட்டுப் பார்த்தாள், பிறகு கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். அவள் கை முழுக்க எச்சில் ஈரமாக இருந்தது.

"இதைப் போட்டுட்டா என்ற புள்ளையோட சூடு தெரியுமுங்களா?"

டாக்டரம்மா கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள், வண்டிக்காரனைப் போகச் சொன்னாள், தன் ஸ்கூட்டரை எடுத்தாள். பின்சீட்டில் அவளுடைய கன்று ஏறிக்கொண்டது.